நல்ல நேரம் போயிடும்ண்ணே

வங்கியில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்து 19 வருடம் ஆகிறது. அட்சய திருதியை அன்று கிளை திறந்ததுமே என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். எல்லாம் நகை வாங்குவதற்காக நகையை அடகு வைக்க வருகிறவர்கள்.

இந்த வருடம் ஒரு தங்கச்சி, கழுத்தில் கிடந்த ஒரு பவுன் சங்கிலியை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். அம்மா போட்டு அனுப்பியது. கொக்கிக்குப் பக்கத்து வளையம் தேய்ந்து நூலாக இருந்தது. உரைகல்லை எடுப்பதற்குள், "சீக்கிரம் பாருங்கண்ணே, நல்ல நேரம் போயிடும்" என்றார். வாங்கப் போவது அரைப் பவுன் மோதிரம். இருந்த ஒரு பவுன் பெட்டகத்துக்குள் போனது, கைக்கு வரப்போவது அரைப் பவுன், கூடவே வட்டி. இதற்கா நல்ல நேரம்?

"அன்னைக்கு வாங்கினா பெருகும்" என்கிறார்கள். எப்படிப் பெருகும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கிராம் மோதிரம், சேதாரம் 15 சதவீதம் என்றால் 4.6 கிராமுக்கு விலை. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. ஏறக்குறைய 4.7 கிராமின் பணத்தைக் கொடுத்து 4 கிராமை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். கல் வைத்த மோதிரம் என்றால் நாங்கள் கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் எடை போடுவோம். கடைப்படி இறங்கும் முன்பே குறைந்துவிட்ட பொருள் எப்படி அட்சயம் ஆகும்?

அட்சயம் என்றால் குறையாதது. அன்று செய்த தானத்தின் பலன் குறையாது என்பதுதான் பெரியவர்கள் சொன்னது. வாங்குவதைப் பற்றியா சொன்னார்கள்? சமணர்களுக்கு அது அவர்களுடைய முதல் தீர்த்தங்கரர் ரிஷபதேவர் நெடுநாள் உபவாசத்தைக் கரும்புச்சாறு அருந்தி முடித்த நாள். கும்பகோணத்தில் அன்று 12 பெருமாள்கள் கருட வாகனத்தில் வந்து சேவை சாதிக்கிறார்கள். என் அப்பா பட்டறை வைத்திருந்த ஆசாரி. இந்த நாளுக்கென்று யாரும் வந்து நகை கேட்டதாக எனக்கு நினைவில்லை. சித்திரை வெயிலுக்கு வாசலில் பானகமும் நீர்மோரும் வைப்பாள் பாட்டி, போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பனைவிசிறி. அவ்வளவுதான் எங்கள் அட்சய திருதியை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடன் தொகையைப் பொறுத்துத்தான் எனக்குக் கூலி. நீங்கள் அடகு வைத்தால் எனக்கு வரவு. அப்படியிருந்தும் சொல்கிறேன்.

வாங்கியே தீருவேன் என்றால் கையிலிருக்கும் காசுக்கு வாங்குங்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்று வாய்விட்டுக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஹால்மார்க்கோடு இருக்கும் எச்யூஐடியை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே போட்டுப் பாருங்கள். அப்புறம், சாஸ்திரத்துக்கு ஒரு கிராம் என்று வாங்குகிறவர்களே, 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. கூட்ட நெரிசலில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்! தயவுசெய்து தாலிக்கொடியை மட்டுமாவது கொண்டுவராதீர்கள்.

அந்தத் தங்கச்சி ஆடியில் திரும்ப வந்தார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். இந்த முறை மோதிரம். தராசில் வைத்தேன், சரியாக 4 கிராம்.

"நல்லாப் பாருங்கண்ணே, 4.7-க்குல்ல காசு கட்டினேன்" என்றார்.