வெண்பனி: சொல் விளக்கம்

வெண்பனி (பெயர்ச்சொல்): மேகத்திலுள்ள நீராவி நேரடியாக உறைந்து படிகமாகி, உருகாமல் தரை வந்து சேர்வது. பேச்சில் ‘ஸ்னோ’.

பனி அரிதாகவே பெய்யும் ஓர் அயல்நாட்டு ஊரில் படிக்கும் மாணவி, காலையில் திரையை விலக்கினால் தெருவே வெளுத்துக் கிடக்கிறது. வகுப்புகள் ரத்து. விடுதியே வாசலுக்கு ஓடுகிறது. அவளும் ஓடிக்கொண்டே ‘இங்கே பனி பெய்கிறது’ என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறாள். ‘பனியில் நிற்காதே, தலை கனக்கும்’ என்று பதில் வருகிறது. புல்நுனியில் நிற்கும் துளிக்கும் அதே சொல், கூரையை மூடிய வெண்குவியலுக்கும் அதே சொல் என்றால் வேறு எப்படிப் பதில் வரும்?

‘பனி’ என்பதன் அடியில் இருப்பவை குளிர்ச்சி, நடுக்கம், துளி. ‘கண்கள் பனித்தன’ என்கிறோம்; அங்கே துளிதான் பேசுகிறது. அப்பர் தேவாரத்தில் வரும் ‘பனித்த சடை’ ஈரம் படிந்து குளிர்ந்த சடை. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். குளிர் நடுக்கத்தோடு வரும் நோய்க்கு அந்தப் பெயர் பொருந்தத்தானே செய்கிறது! கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹனி’ ஆயிற்று. அதற்குத் துளி என்று பொருள். இந்தக் குடும்பத்தில் எங்கும் வெண்மை இல்லை. முன்பனி, பின்பனி என்று நாம் பிரித்த பருவங்களும் பெரும்பாலும் இரவுக் குளிரையும் காலைத் துளியையும் வைத்துப் பிரித்தவையே.

இதை வைத்து, ‘ஸ்னோ’வுக்குத் தமிழில் சொல்லே இல்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. புறநானூற்றின் 6ஆம் பாடலில் காரிகிழார், பாண்டிய மன்னன் முதுகுடுமிப் பெருவழுதியின் புகழுக்கு எல்லை சொல்லும்போது ‘வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்’ என்று தொடங்குகிறார். பனி படிந்த அந்த நெடுமலை இமயம். அங்கே படிந்திருப்பது காலை வெயிலில் காய்ந்துவிடும் துளியன்று. ஆக, சங்க காலத்திலேயே ‘பனி’ இந்தப் பொருளையும் சுமந்திருக்கிறது. வடமொழி ‘ஹிமம்’ தமிழில் ‘இமம்’ என்று வந்தாலும், மலையின் பெயரைத் தாண்டிப் பெரிதாகப் புழங்கவில்லை.

சொல் இருக்கிறது, பொருள்தான் அகலம். அதைக் குறுக்க ‘வெண்’ என்ற ஒட்டுப் போதும். இதில் ஒரு வேடிக்கை. கறுப்புக் கோட்டின் கைமேல் விழும் ஒற்றைச் செதிலை மூச்சுப் படாமல் உற்றுப் பாருங்கள்: ஆறு கிளைகள், கண்ணாடி போன்ற தெளிவு, வெள்ளை நிறமே இல்லை. செதில்கள் குவியும்போது அவற்றின் எண்ணற்ற முகங்கள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால்தான் குவியல் வெளுக்கிறது. ஏன் எப்போதும் ஆறு என்று கேட்டு வானியலாளர் கெப்ளர் 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார். உறையும் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகப் பிணைகின்றன என்ற விடை பல நூற்றாண்டுகள் கழித்தே தெளிவானது.

உறவுச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தரையிலும் இலையிலும் படிந்து உறைவது உறைபனி. எதிரே வருபவரை மறைப்பது மூடுபனி. இடிமேகத்திலிருந்து கட்டியாக விழுவது ஆலங்கட்டி. ‘பனிப்பொழிவு’ நல்ல சொல்தான். ஆனால் செய்தித்தாள்கள் அதைக் காலை நேரத்துப் பனிக்கும் எழுதிவிடுவதால், குழப்பம் வரும் இடத்தில் ‘வெண்பனிப்பொழிவு’ என்று எழுதலாம். ‘பனிமழை’ எனக்குப் பிடிக்கவில்லை. மழையும் வெண்பனியும் கலந்து விழுவதற்கு அல்லவா அது பொருந்தும்?

வெண்பனி அரிதான ஊர்களில் அது பெய்யும்போது வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியே இருக்கும். செதில்களில் சற்று நீர் கசிந்திருக்கும். கையில் அள்ளி அழுத்தினால் ஒட்டும். பந்தாக உருட்டி எறிய இதுதான் வாகு. இதை ‘ஈரப்பனி’ எனலாம். கடுங்குளிரில் விழுவது ‘பொடிப்பனி’. அதை எவ்வளவு அழுத்தினாலும் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். ஆனால் பழக்கமில்லாத ஊரை வெண்பனி எளிதில் முடக்கிவிடும். 2009 பிப்ரவரி 2 அன்று பெய்த கனத்த வெண்பனியில் லண்டன் மாநகரின் பஸ்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. மாணவர்களுக்கு அப்படி ஒரு நாள் கிடைத்தால் விடுவார்களா?

கடைசியாக, அவர்கள் முற்றத்தில் உருட்டி நிறுத்தி, மூக்குக்குக் கேரட் செருகும் உருவம். ‘பனிமனிதன்’ என்று பலர் எழுதுகிறார்கள். இமயத்தில் உலவுவதாகச் சொல்லப்படும் ‘எட்டி’ என்ற மர்ம உருவத்துக்கும் அதே பெயர் வழங்குவதால், ‘நேற்று விடுதி வாசலில் பனிமனிதனோடு படம் எடுத்துக்கொண்டேன்’ என்று எழுதினால் வீட்டில் கலவரமாகும். ‘பனிப்பொம்மை’ என்றே எழுதுங்கள்.