நெட் எந்த இடத்தில உடைஞ்சு கிடக்கு?

மாரி தொடங்கினா மல்லாவியில இருக்கிற எங்கட அக்கா, இடி முழங்க முதலே கொம்பியூட்டர் வயர் ரவுட்டர் வயர் எல்லாத்தையும் கழட்டிப் போடுவா, அது நல்ல பழக்கம்தான். ஆனா இந்தமுறை மழை விட்டாப்பிறகு திரும்பக் கொழுவினா நெட் இல்லை. மகளுக்கு ஏ.எல் வகுப்பு வேற. "தம்பி, சிம்முக்கு காசும் போட்டனான், ரவுட்டர்ல லைட்டும் எரியுது, பேந்தென்ன?" எண்டு போன் எடுத்துக் கேக்கிறா.

வவுனிக்குளத்தில தண்ணி நிறையக் கிடந்தும் வயலுக்கு வராட்டி நாங்கள் என்ன செய்யிறம், வயலில தொடங்கி வாய்க்கால் வழிய மேல நடந்து உடைப்பு எங்கயெண்டு பாக்கிறம். நெட்டுக்கும் அதுதான் வழி. நடக்கிறதுக்குப் பதிலா பிங். 1983இல மைக் மூஸ் எண்ட அமெரிக்கர் எழுதின சின்ன புரோகிராம், கப்பல்ல இருக்கிற சோனார் கருவி தண்ணிக்குள்ள சத்தம் போட்டு எதிரொலி கேக்கிற மாதிரி இதுவும் ஒரு சின்னத் தரவுப் பொட்டலத்தை அனுப்பி, திரும்பி வர எத்தினை மில்லிசெக்கன் எண்டு சொல்லும்.

முதல்ல ரவுட்டர்ர நம்பருக்கு பிங் அடிக்கச் சொன்னன் (அதின்ர நம்பர் அடியில ஒட்டியிருக்கும், கனக்க ரவுட்டர்ல 192.168.1.1). பதில் வந்திது. வராம, கொம்பியூட்டர்ர நம்பர் 169.254 எண்டு தொடங்கினா, ரவுட்டர் நம்பர் குடுக்காததால கொம்பியூட்டர் தானே ஒண்டை வச்சுக்கொண்டிருக்கு எண்டு அர்த்தம், பிழை வீட்டுக்குள்ளதான். அடுத்தது வெளியில இருக்கிற கூகுளின்ர சேர்வர் நம்பர் 8.8.8.8, அதுவும் வந்திது, அப்ப டவர், சிம், காசு எல்லாம் சரி. பிறகு ஒரு தளத்தின்ர பேருக்கு அடிச்சம். நம்பருக்கு பதில் வந்து பேருக்கு வராட்டி, பேரை நம்பராக்கிக் குடுக்கிற டிஎன்எஸ்ல பிரச்சினை. அதுவும் வந்திது!

வாய்க்கால் முழுக்க தண்ணி ஓடுது, ஆனா ஒரு தளமும் திறக்குதில்லை. "அக்கா, கீழ மூலையில என்ன திகதி காட்டுது?" எண்டன். 2009 எண்டா.

அங்கதான் விசயம் கிடந்திது. தளம் திறக்க முதல் பிரவுசர் அந்தத் தளத்தின்ர சான்றிதழைப் பாக்கும், அதில எண்டையில இருந்து எண்டைவரை செல்லும் எண்டு இருக்கும். 2009இல நிக்கிற கொம்பியூட்டருக்கு இந்த வருசத்துச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை, அதால நம்பாது, திறக்காது. பிங்குக்கு திகதி தேவையில்லை, அதான் அது ஓடினது.

ஏன் திகதி பின்னுக்குப் போனது? மதர்போர்ட்ல சிஆர்2032 எண்டு காசு மாதிரி வட்டமா ஒரு 3 வோல்ட் பற்றரி இருக்கு. கரண்ட் இருக்கேக்க மணிக்கூட்டுக்கு அது தேவையில்லை, வயரைக் கழட்டினாப்பிறகு அதுதான் ஓட்டோணும். பழைய கொம்பியூட்டர்ல பற்றரி செத்துப்போனா, ஒவ்வொரு இடிக்கும் திகதி பழையபடி போயிடும்.

உடன திகதியைக் கையால மாத்தினா, எல்லாம் திறந்திது, மகள் வகுப்புக்குப் போயிட்டா. அடுத்தநாள் மத்தியானம், வயரைக் கழட்டிப்போட்டு, பழைய பற்றரியைக் கழட்டி, அது இருந்தபடியே எழுத்து இருக்கிற பக்கம் மேல வாற மாதிரி புதுசைப் போட்டவ. மழைக்கு இப்பவும் வயரைக் கழட்டுறா.