பாரிஷ்: பங்கா, கோயிற்பற்றா?

இங்கிலாந்தின் எந்தச் சிற்றூர் வரலாற்றைப் புரட்டினாலும் ‘பாரிஷ்’ என்ற சொல் வந்து நிற்கும். தமிழில் பெரும்பாலும் அதைப் ‘பங்கு’ என்கிறோம். பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று கத்தோலிக்க வழக்கில் உயிரோடு இருக்கும் நல்ல சொல். திருநெல்வேலித் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு அது ‘சேகரம்’. இரண்டைக் கேட்டாலும் மனத்தில் எழுவது சபை மக்களின் கூட்டம். ஆங்கிலேயரின் பாரிஷோ எல்லை வகுத்த நிலம்.

கிரேக்கத்தில் ‘பரொய்கொஸ்’ என்றால் வேற்றூரில் தங்கி வாழ்பவன். இவ்வுலகில் தாங்கள் அந்நியரே என்று எண்ணிய ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சமூகத்தைப் ‘பரொய்கியா’ என்றார்கள். அது இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்தில் பாரிஷ் ஆனது. அதற்குள் பொருள் தலைகீழாகிவிட்டது. 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்தது பாரிஷ். 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளைக் காக்க வரி தண்டியதும் பாரிஷ்தான். எந்த பாரிஷைச் சேர்ந்தவன் என்பதைப் பொறுத்தே ஓர் ஏழைக்கு உதவி கிடைத்தது. அதனால்தான் ஆண்டுதோறும் ஊரார் சிறுவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் குறிகளைக் கோலால் தட்டி நினைவில் நிறுத்தினார்கள்.

சஃபோக் கடற்கரையின் டன்விச்சில் அந்த நிலத்தையே கடல் தின்றது. இடைக்காலத்தில் பெரும் துறைமுகமாகப் பல ஆலயங்களோடு விளங்கிய ஊர் அது. 1286, 1328 ஆண்டுகளின் புயல்கள் துறைமுகத்தைத் தூர்த்தன. ஆலயங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. எஞ்சி நின்ற அனைத்துப் புனிதர் ஆலயம் 1904-இல் பாறை விளிம்பிலிருந்து சரியத் தொடங்கி, 1919-இல் கோபுரத்தையும் இழந்தது. ஊர் உள்ளே தள்ளி, 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித யாக்கோபு ஆலயத்தைச் சுற்றி வாழ்கிறது. பழைய ஆலயத்தின் முட்டுச்சுவர் ஒன்றும் அதன் வளாகத்தில் இருக்கிறது. இந்த வரலாற்றில் ‘பங்கு’ என்று எழுதினால், கரைந்துபோன மண் கண்ணுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: கோயிற்பற்று. போர்த்துக்கேயர் காலத்தில் ஆலயத்தை மையமாக்கி வகுத்த பிரிவுகளின் பெயர் அது. பின்னர் ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) தோம்புகளும், அதாவது நிலப் பதிவேடுகளும், அந்தப் பிரிவுகளின்படியே எழுதப்பட்டன. ‘பற்று’ என்பது நிலப்பிரிவு. கோயிலும் நிலமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. பழைய ஆங்கிலேய பாரிஷுக்கு இதையே எழுதலாம் என்பது என் துணிபு. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலயத்திலிருந்து பிரித்து அமைத்த பாரிஷ் மன்றத்துக்கு மட்டும் ‘ஊராட்சி மன்றம்’ போதும்.