ரயிலில் ஒயினும் உணவும்: காதையும் கணக்கில் சேருங்கள்

மலையையும் பள்ளத்தாக்கையும் பார்த்தபடி, உணவுக்கேற்ற ஒயினைச் சுவைத்துக்கொண்டே போகும் ரயில் பயணங்களுக்கு இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் 1989 முதல் ஓடும் ஒயின் ரயில் பலரும் அறிந்தது: போய்த் திரும்ப 36 மைல், ஏறக்குறைய மூன்று மணி நேரம். இப்படிக் கிளம்புகிறவர்கள் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான என்னிடம் கேட்பது பெரும்பாலும் குமட்டலுக்கு மாத்திரைதான். ஒயின் அருந்தப்போவதை அவர்களாகச் சொல்வதில்லை. நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்குக் காரணம் உண்டு. டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின், மெக்லிசின் போன்ற பயணக் குமட்டல் மருந்துகள் மூளையை மந்தமாக்குகின்றன. மதுவும் அதைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கண் சொருகும், கால் தடுமாறும். ஆடும் பெட்டியில் எழுந்து நடக்கும் முதியவருக்கு ஒரு விழுதல் போதும், இடுப்பெலும்பு முறிய. மாத்திரை போட்டால் அன்று ஒயின் வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாத்திரை இல்லாவிட்டாலும் உட்காதை மது சும்மா விடாது. அங்குள்ள அரைவட்டக் குழல்களில் திரவம் இருக்கிறது. அதற்குள் கூம்பு போன்ற மெல்லிய ஜவ்வுப் பகுதி ஒன்று, தலை திரும்புவதை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. இரத்தத்தில் வரும் மது முதலில் இந்த ஜவ்வுக்குள் புகுந்து, சுற்றியுள்ள திரவத்தைவிட அதை இலேசாக்கிவிடுகிறது. தலை அசையாமலே சுழல்வதாகத் தவறான செய்தி போகிறது. குடித்த அரை மணி நேரத்தில் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் இது நீடிக்கலாம். படுத்தால் அதிகமாகத் தெரியும். ரயிலின் ஆட்டம் வேறு சேர்ந்துகொள்கிறது. எனவே ரயில் போகும் திசை நோக்கிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அருகில் ஓடும் மரங்களை விட்டுத் தொலைவில் தெரியும் மலையைப் பாருங்கள்.

இனி உணவு. வெறும் வயிற்றில் முதல் கிண்ணத்தைத் தொடாதீர்கள். மது பெருமளவு உறிஞ்சப்படுவது சிறுகுடலில். வயிற்றில் உணவு இருந்தால் அது அங்கே போய்ச் சேர நேரமாகும். வரவேற்பாகத் தரும் நுரைக்கும் ஒயின் இன்னும் விரைவாக ஏறக்கூடும் என்பதால், முதலில் ரொட்டியோ பாலாடைக்கட்டியோ வரட்டும்.

உணவுக்கும் ஒயினுக்குமான பொருத்தத்தைப் பொறுத்தவரை நாக்கைவிட மூக்குக்கே வேலை அதிகம்; மெல்லும்போது தொண்டை வழியாக மேலேறும் வாசனைதான் பெரும்பாலும் சுவையாகத் தெரிகிறது. சளி பிடித்திருந்தால் விலை உயர்ந்த ஒயினும் வீண். சிவப்பு ஒயினின் துவர்ப்பு உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் உலர்கிறது. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அதைத் தணிக்கும். காரத்தோடு அந்த ஒயின் ஒத்துவராது. மிளகாய் தூண்டும் எரிச்சல் உணர்வேற்பியையே மதுவும் தூண்டுகிறது என்பதால் எரிச்சல் கூடும். காரத்துக்கு மது குறைந்த, சற்றே இனிப்பான ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் நல்லது. இனிப்புப் பண்டம் என்றால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையேல் புளித்துத் தெரியும்.

சிறு கிண்ணங்கள் கண்ணை ஏமாற்றும். 75 மில்லி வீதம் நான்கு கிண்ணங்கள் 300 மில்லி. 12 சதவீத ஒயினில் அது சுமார் 28 கிராம் தூய மது. அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். பயணமே மூன்று மணி நேரம்தான். இந்த ரயில்களில் பல, ஏறிய நிலையத்துக்கே, அதாவது உங்கள் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வருகின்றன. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே வீடு திரும்ப வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்துவிடுங்கள். சுவைத்த ஒயினை விழுங்காமல் உமிழ்வதற்கான கிண்ணம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒயின் வல்லுநர்கள் அப்படித்தான் சுவைக்கிறார்கள்.

மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், இன்சுலின் போடுகிறவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் பதிவின்போதே மதுவில்லாப் பானம் கேளுங்கள். நுரைக்கும் திராட்சைச் சாறும் எலுமிச்சை கலந்த சோடாவும் பாலாடைக்கட்டியோடு நன்றாகவே பொருந்தும்.