தட்டு மாற்றி நிறுக்கும் சிப்

மண்டபம் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் இறால், கணவாய் வியாபாரம். விசைப்படகுத் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் தராசை வெளியே எடுத்தால், தட்டில் ஒன்றும் வைக்காமலே எண் நகர்கிறதே, ஏன் என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: அனலாக் சிப் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்து கட்டுரை வெளியிட, கடற்கரையோரக் கல்லூரியில் படிக்கும் ஒருவரால் முடியுமா? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே சர்க்யூட்டில் இருக்கிறது.

தராசுத் தட்டுக்கு அடியில் இருக்கும் அலுமினியக் கட்டைதான் லோடு செல். பாரம் ஏறினால் அது துளி வளையும். அதன்மேல் ஒட்டிய நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களில் இரண்டு நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. நான்கும் வீட்ஸ்டன் பாலமாக இணைக்கப்பட்டிருப்பதால் மின்தடை மாற்றம் மின்னழுத்தமாக வெளியே வருகிறது. பிளஸ் டூ பாடத்தில் படித்த அதே பாலம்தான்.

இனிக் கணக்கு. லோடு செல்லில் '2 மில்லிவோல்ட் பெர் வோல்ட்' என்று எழுதியிருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்தில் 10 மில்லிவோல்ட் வரும் என்பது அதன் பொருள். 100 கிலோ தராசு என்றால் 10 கிராமுக்குக் கிடைப்பது 1 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லோடு செல்லின் 350 ஓம் மின்தடை தானாக எழுப்பும் வெப்ப இரைச்சல் 10 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்துக்குள் 8 நானோவோல்ட்கூட இல்லை. ஆக, இயற்கை நமக்கு நூறு மடங்குக்கு மேல் இடம் விட்டிருக்கிறது. தொல்லை, இந்தத் துளி மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் பெருக்கியிடமிருந்துதான் வருகிறது.

சிமாஸ் (CMOS) வகைச் சிப்பில் அமைந்த பெருக்கியின் வாசலில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கும். ஒரே அச்சில் பக்கத்துப் பக்கத்தில் வார்த்தாலும் இரண்டும் முற்றிலும் ஒன்றாக அமையாது. இந்த வேற்றுமை, 'ஆஃப்செட்' என்ற பெயரில் உள்ளீட்டில் ஒரு பொய் மின்னழுத்தமாகத் தெரியும். ஒழுங்காக வரைந்த பெருக்கியிலும் 1 மில்லிவோல்ட் சாதாரணம். நம் தராசில் அது 10 கிலோ. 'டேர்' பொத்தானை அழுத்திக் கழித்துவிடலாமே என்றால், ஆஃப்செட் வெப்பத்தோடு நகரும். டிகிரிக்கு 3 மைக்ரோவோல்ட் நகர்ந்தால், விடியற்காலை ஏலத்துக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே பெட்டிக்குள் 10 டிகிரி ஏறும்போது 300 கிராம் தானாக முளைக்கும். இதற்கு மேல் ஃப்ளிக்கர் இரைச்சல் என்று ஒன்று உண்டு. அதிர்வெண் குறையக் குறைய இது கூடும். தராசு கேட்பதோ நொடிக்குச் சில அளவீடுகள், அதாவது இந்த இரைச்சல் மிக மோசமாக இருக்கும் இடம்.

டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் பொருத்தம் கூடும். 1989-இல் பெல்க்ரோம் குழு எழுதிய கட்டுரையிலிருந்து எல்லாரும் எடுத்தாளும் விதி இது: வேற்றுமை, பரப்பளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 1 மில்லிவோல்ட்டை 1 மைக்ரோவோல்ட்டாக்க ஆயிரம் மடங்கு குறைய வேண்டும், அதற்குப் பரப்பு பத்து லட்சம் மடங்கு வேண்டும். 100 சதுர மைக்ரான் டிரான்சிஸ்டர் 1 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரே ஒரு டிரான்சிஸ்டருக்கு இவ்வளவு சிலிக்கான் யாரும் தரமாட்டார்கள்.

இங்கேதான் பழைய இரட்டைத் தட்டுத் தராசின் வித்தை உள்ளே வருகிறது. தராசுக் கோல் ஒரு பக்கம் கோணல் என்ற சந்தேகம் இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் மீனை இடத்தட்டில் ஒரு முறையும் வலத்தட்டில் ஒரு முறையும் வைத்து நிறுப்பார்கள். கோணல் ஒரு முறை கூட்டும், மறுமுறை அதே அளவு குறைக்கும். சராசரியில் கோணல் காணாமல் போகும். கோணல் எவ்வளவு என்று தெரிந்திருக்கவே வேண்டியதில்லை!

சாப்பர் பெருக்கி இதை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. உள்ளீட்டில் நான்கு சுவிட்சுகள், நான்கும் மாஸ் (MOS) டிரான்சிஸ்டர்களே. முதல் அரைச் சுற்றில் இரண்டு உள்ளீட்டுக் கம்பிகளையும் நேராக இணைக்கின்றன, அடுத்த அரைச் சுற்றில் குறுக்காக. வெளியீட்டிலும் இதே போல நான்கு சுவிட்சுகள் அதே கடிகாரத் துடிப்பில் மாறுகின்றன. முதல் பாதியில் பெருக்கிக்குக் கிடைப்பது சிக்னலும் ஆஃப்செட்டும் கூடிய தொகை. இரண்டாம் பாதியில் சிக்னல் தலைகீழாகி வருகிறது, ஆஃப்செட் மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது பிறப்பதே முதல் சுவிட்சுகளுக்குப் பிறகு. வெளியீட்டுச் சுவிட்சுகள் மொத்தத்தையும் இன்னொரு முறை திருப்பும்போது சிக்னல் நேராகிவிடுகிறது, ஆஃப்செட் தலைகீழாகிறது. இப்படி ஒரு பாதியில் கூட்டலாகவும் மறு பாதியில் கழித்தலாகவும் வரும் ஆஃப்செட் வெறும் சதுர அலையாகிவிடுகிறது. பின்னால், வேகமான ஆட்டத்தைத் தடுத்து மெதுவானதை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வைத்தால் சிக்னல் மட்டும் மிஞ்சும்.

இதில் என்னை மிகவும் கவர்வது அடுத்த விஷயம். தட்டு மாற்றி நிறுக்கும் தராசில் நிலையான கோணல் மட்டுமே தீரும். சாப்பரிலோ நகரும் கோணலும் தீர்கிறது, சுவிட்சு மாறும் வேகத்தைவிட அது மெதுவாக நகர்ந்தால் போதும். 20 கிலோஹெர்ட்ஸில் மாற்றினால் ஒரு பாதிக்கு 25 மைக்ரோவினாடி. வெப்பத்தால் வரும் நகர்வும் ஃப்ளிக்கர் இரைச்சலின் மெதுவான ஆட்டமும் அந்த நேரத்துக்குள் அசையாமல் நிற்பதாகவே கொள்ளலாம். ஆகவே அவையும் ஆஃப்செட்டோடு சேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸுக்குத் தூக்கிச் செல்லப்படுகின்றன.

ஆனாலும் பிழை அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடத்தில் போய் அதைப் பிடிப்பதே இத்துறையின் பல்லாண்டு ஆராய்ச்சி. 128 மடங்கு பெருக்கத்தில் 1 மில்லிவோல்ட் ஆஃப்செட், 128 மில்லிவோல்ட் சதுர அலையாக வெளியீட்டில் ஆடும். இதற்கு ரிப்பிள் என்று பெயர். 1.8 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு இது பெரிய பாரம். அடுத்தது சுவிட்சுகளின் குற்றம். மாஸ் சுவிட்சு மூடித் திறக்கும்போதெல்லாம் அதன் சேனலில், அதாவது மின்சாரம் ஓடும் பாதையில், இருந்த மின்னூட்டம் கொஞ்சம் இரு பக்கமும் சிந்துகிறது. இரண்டு கம்பிகளிலும் சமமாகச் சிந்தினால் பாதகமில்லை. வேற்றுமை 1 ஃபெம்டோகூலோம் இருந்தால்கூட 20 கிலோஹெர்ட்ஸில் சராசரி 40 பிகோஆம்பியர் ஓடும். 350 ஓம் லோடு செல்லில் அது 14 நானோவோல்ட்தான், கவலையில்லை. மூளை அலை எடுக்கும் எலெக்ட்ரோடு போல 100 கிலோஓம் மூலமாக இருந்தால் 4 மைக்ரோவோல்ட் ஆகிவிடும். கடிகாரத்தை வேகமாக்கினால் இந்தச் சிந்தலும் கூடும், மெதுவாக்கினால் ஃப்ளிக்கர் உள்ளே நுழையும். பெருக்கியின் அதிர்வெண் அகலமும் கடிகாரத்தைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் நிலைக்கு வருவதற்குள் பாதி முடிந்து பெருக்கம் குறையும்.

ஐ.இ.இ.இ. அமைப்பின் 'ஜர்னல் ஆஃப் சாலிட் ஸ்டேட் சர்க்யூட்ஸ்' இதழ் 1966 முதல் வருகிறது. சாப்பரின் கதையை அதன் பக்கங்களிலேயே பின்தொடரலாம். 1987-இல் என்ஸ், விட்டோ, கிரும்மனாகர் மூவரும் சிமாஸ் சாப்பர் பெருக்கியை அதில் விவரித்தார்கள். 2000-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு சாப்பருக்குள் சாப்பர் வைத்தது. உள்ளே இருக்கும் வேகமான ஜோடி ஃப்ளிக்கரைத் தூக்குகிறது, வெளியே இருக்கும் மெதுவான ஜோடி உள்ஜோடி சிந்திய மிச்சத்தைத் திருப்பிப் போடுகிறது. ஆஃப்செட் 100 நானோவோல்ட்டுக்கு இறங்கியது. 2006-இல் பர்ட், ஜாங் இருவரும் ரிப்பிளை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டரால் வெட்டினார்கள். 2009-இல் மறுபடி டெல்ஃப்ட்: ரிப்பிளை அளந்து, அதே கடிகாரத்தால் மீட்டு, அதற்குச் சமமான எதிர் மின்னோட்டத்தைப் பெருக்கிக்குள்ளேயே செலுத்தும் ஒரு வளையம். ஒருவர் சரிசெய்த இடத்தில் மிஞ்சியதை அடுத்தவர் எடுத்துக்கொள்வதைப் பாருங்கள். நல்ல கட்டுரைக்கான விதை பெரும்பாலும் முந்தைய கட்டுரையின் அளவீட்டுப் பகுதியில், ஆசிரியர்கள் காரணம் சொல்லாமல் கடந்து போன ஒரு வளைகோட்டில் கிடக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. முடியும், மடிக்கணினியிலேயே தொடங்கலாம். 2020-இல் ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் செயல்முறைக் கோப்புகள், அதாவது அந்த ஆலையில் வார்க்கத் தேவையான டிரான்சிஸ்டர் மாதிரிகளும் வரைவிதிகளும், கட்டணமில்லாமல் பொதுவில் வந்தன. ஜெர்மனியின் ஐ.எச்.பி.யும் 130 நானோமீட்டர் கோப்புகளைத் திறந்துவிட்டிருக்கிறது. சர்க்யூட் வரைய எக்ஸ்-ஸ்கீம், ஓட்டிப்பார்க்க என்ஜி-ஸ்பைஸ், சிலிக்கானில் பதியும் வடிவத்தை, அதாவது லேஅவுட்டை, வரைய மேஜிக் அல்லது கே-லேஅவுட், சர்க்யூட்டும் லேஅவுட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நெட்ஜென். எல்லாமே இலவசம்.

தொடங்கும்போது பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மென்பொருளின் சாதாரண ஏசி (அதிர்வெண்), நாய்ஸ் (இரைச்சல்) பகுப்பாய்வில் சாப்பரின் பலன் தெரியவே தெரியாது. அவை சர்க்யூட்டை ஒரு நிலையில் உறையவைத்துக் கணக்குப் போடுகின்றன, சாப்பருக்கோ உறைந்த நிலை என்று ஒன்று இல்லை. கட்டண மென்பொருள்களில் சுழற்சி நிலைப் பகுப்பாய்வு இருக்கிறது. என்ஜி-ஸ்பைஸில், நேரத்தோடு நகர்த்திப் பார்க்கும் டிரான்சியன்ட் ஓட்டத்தில், இரைச்சல் மூலங்களை நாமே டிஆர்-நாய்ஸ் என்ற கட்டளையால் சேர்க்க வேண்டும். பிறகு ஃபூரியே எடுத்து அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும்போது, எடுத்துக்கொள்ளும் கால அளவு சாப்பர் சுற்றின் முழு மடங்காக இருக்கட்டும். இல்லையென்றால் ரிப்பிள் அலைமாலை முழுக்கப் பரவி, இல்லாத இரைச்சலைக் காட்டும். முதலில் இலட்சிய சுவிட்சு, பிறகு உண்மை சுவிட்சு, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறாத கடிகாரங்கள், கடைசியில் மான்டி கார்லோ, அதாவது டிரான்சிஸ்டர் வேற்றுமைகளைத் தற்செயலாக மாற்றி மாற்றி ஓட்டிப்பார்ப்பது. இந்த வரிசையில் போனால் எந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று தெரியும்.

கட்டுரைக்கு இது பாதிதான். பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கூடும் சிப் வடிவமைப்பாளர்களின் ஐ.எஸ்.எஸ்.சி.சி. மாநாட்டில் ஒரு பெருக்கிக் கட்டுரை ஏற வேண்டுமானால் உண்மையான சிலிக்கானில் அளந்த எண்கள் வேண்டும். பல குழுக்களின் வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் வட்டில் (வேஃபர்) சேர்த்து வார்க்கும் ஷட்டில் முறையில் செலவு பங்காகும், சிப் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். நம் நாட்டில் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தின் கீழ் மாணவர் வடிவமைப்புகள் மொஹாலியின் எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டரில் வார்க்கப்படுகின்றன. இது பெரிய காரியம். இதோடு அளவீட்டு அறைகளுக்கும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 100 நானோவோல்ட்டை அளக்கும்போது போர்டில் செம்பும் ஈயப்பற்றும் சேரும் ஒவ்வொரு முனையும் ஒரு வெப்ப மின்னிணை, டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட் தரும். மின்விசிறிக் காற்று பட்டாலே அளவு ஆடும். போர்டை மூடிய பெட்டிக்குள் வைத்து, விசிறியை நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருந்து எடுத்த எண்ணைத்தான் அட்டவணையில் எழுதலாம். ஒரு சிப்பில் எடுத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆஃப்செட் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கையிலுள்ள எல்லாச் சிப்பையும் அளந்து, பரவலைக் காட்ட வேண்டும்.

தடைக்காலத்துக்குப் பிறகு நகரும் அந்த எண்ணுக்கு வருவோம். இரண்டு மாதம் மூடிக் கிடந்த தராசில், கேபிள் நுழையும் துளையிலும் கனெக்டரிலும் உப்பு படிந்து, அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலத்தின் ஒரு கைக்குக் குறுக்கே 10 மெகாஓம் கசிவுப் பாதை உண்டானால், அந்த 350 ஓம் லட்சத்தில் மூன்றரைப் பங்கு குறையும். 5 வோல்ட்டில் வெளியீடு 44 மைக்ரோவோல்ட் நகரும், அதாவது 440 கிராம். தராசு சூடாகி ஈரம் காய ஆரம்பித்தால் எண் திரும்பி நகரும். சாப்பர் இதைத் தொடவே தொடாது. கசிவு முதல் சுவிட்சுகளுக்கு முன்னாலேயே நடப்பதால் சிப்புக்கு அதுவும் இறாலின் எடைதான். பாலத்துக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டையே திருப்பித் திருப்பிப் போடும் முறை முனைகளின் வெப்ப மின்னழுத்தத்தைத் தீர்க்கும், ஆனால் கசிவின் விளைவும் சேர்ந்தே திரும்புவதால் அந்த முறைக்கும் கசிவு தப்பிவிடும்.

ஆகையால் கையால்தான் பார்க்க வேண்டும். லோடு செல்லின் கம்பிகளைப் போர்டிலிருந்து கழற்றி, சிக்னல் கம்பிகளுக்கிடையே அளந்தால் 350 ஓம் பக்கம், மின்சாரம் கொடுக்கும் கம்பிகளுக்கிடையே அளந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதல், பெரும்பாலும் 400 பக்கம் காட்ட வேண்டும். பிறகு எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, அவற்றுக்கும் உலோக உடலுக்கும் இடையே 50 வோல்ட் மெக்கரால் (காப்புச் சோதனைக் கருவி) காப்பு மின்தடை பாருங்கள். 500 வோல்ட் வேண்டாம், கேஜின் காப்பு கெட்டுவிடும். நல்ல செல் ஆயிரக்கணக்கான மெகாஓம் காட்டும். நூறுக்குக் கீழே போயிருந்தால், கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, பெட்டிக்குள் புது சிலிகா ஜெல் வைத்து, கேபிள் கிளாண்டை இறுக்கிவிட்டு மறுபடி அளக்கலாம். அப்போதும் ஏறவில்லையென்றால் ஈரம் கேஜுக்குள்ளேயே போய்விட்டது, செல்லை மாற்றத்தான் வேண்டும்.

இதிலேயே அந்த மாணவிக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு இருக்கிறது. கசிவைச் சிப்பே கண்டுபிடிக்கும்படி செய்ய முடியுமா? நிறுக்காத நேரத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கம்பியில் செலுத்தி, உடலுக்கு எவ்வளவு போகிறது என்று அளக்கும் பகுதியை அதே 130 நானோமீட்டர் கோப்புகளில் வரையலாம். உப்புக்காற்றில் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம், காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனத்தின் அரிப்பு ஆய்வு நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது.