அனுப்பிய கோரிக்கை எந்த வரிசையில் நிற்கிறது?

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்குக் கணினியில் பதிவு செய்கிறார், ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வருகிறது, மாலை வரை எங்களுக்கு வந்து சேரவில்லை. அதுவரை அது எங்கேதான் இருந்தது?”

ஏதோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தது என்பதுதான் விடை. அந்த வரிசையைக் காட்டுவதற்கு, அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் ‘விஸ்டா’ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். (இதே பெயரில் வந்த விண்டோஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அரசுப் பணத்தில் எழுதப்பட்டதால் இதன் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம், வரிப்பணத்தில் உருவாகும் எல்லா மருத்துவ மென்பொருளுக்கும் இதுவே விதியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவர் பொத்தானை அழுத்தியவுடன் எல்லா வேலையும் நடந்து முடிய வேண்டுமென்றால் திரை உறைந்துவிடும். ஆகவே மென்பொருள் வேலையை ஒரு பட்டியலில் குறித்துவைத்துவிட்டு அவரை விடுவித்துவிடுகிறது. அந்தப் பட்டியலைக் கவனிப்பது ‘டாஸ்க்மேன்’ என்ற மேலாளர் நிரல். பட்டியல் நேரப்படியே அடுக்கப்பட்டிருப்பதால் அது முதலில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். நேரம் வந்த பணியை எடுத்து அடுத்த பட்டியலுக்கு மாற்றும், அங்கிருந்து துணை மேலாளர்கள் எனப்படும் வேறு நிரல்கள் அதை எடுத்துச் செய்யும்.

இந்த நேரத்தை அது எழுதும் முறையே தனிக் கதை. விஸ்டாவின் மொழியான மம்ப்ஸ், 1960களின் பிற்பகுதியில் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்தது. அதில் நாள்கள் 1840 டிசம்பர் 31ஐப் பூஜ்யமாகக் கொண்டு எண்ணப்படுகின்றன. 2025 ஜனவரி 1 நண்பகல் 12 மணி என்பது அதற்கு ‘67206,43200’, அதாவது இத்தனையாவது நாள், நள்ளிரவிலிருந்து இத்தனையாவது நொடி. நாள்கணக்கை வடிவமைத்தவர், 121 வயதான உள்நாட்டுப் போர் வீரர் ஒருவரைப் பற்றி எப்போதோ படித்திருந்தாராம். உயிரோடிருக்கும் எந்த நோயாளியின் பிறந்த நாளும் விடுபடக் கூடாது என்று அவ்வளவு பின்னால் போனார்.

டாஸ்க்மேன் ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய நேரத்தை ஓரிடத்தில் எழுதிவிட்டுப் போகிறது. அந்த எண் பழையதாகிவிட்டால் மேலாளர் நின்றுவிட்டார் என்று பொருள்.

செய்திகளைக் கொண்டுசேர்ப்பது ‘மெயில்மேன்’. ஆயிரம் பேருக்குப் போகும் சுற்றறிக்கைக்குப் பின்னால் ஒரே மருத்துவருக்கான அவசர ஆய்வக முடிவு காத்திருக்கக் கூடாது என்பதற்காக, பெறுநர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தனித்தனி வரிசைகள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரிசையையும் பின்னணியில் ஓடும் ஒரு நிரல் காலிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிரல் உயிரோடு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று நிரலையே எங்காவது எழுதிவைக்கச் சொன்னால், அது மருத்துவர் அறைக்கு வெளியே தொங்கும் ‘டாக்டர் உள்ளே இருக்கிறார்’ பலகையைப் போன்றது. அவர் வீட்டுக்குப் போன பின்னும் பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் செத்துப்போன நிரல் தன் குறிப்பை அழிக்க வராது. மம்ப்ஸ் மொழியின் பூட்டு அப்படிப்பட்டதல்ல. அது உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்: ஒரு பெயரைப் பூட்டிக்கொண்டு நிரல் தன் வேலையைச் செய்கிறது, எக்காரணத்தால் அது இறந்தாலும் அந்தக் கணமே தாழ்ப்பாள் தானாகத் திறந்துவிடுகிறது. சோதிக்க விரும்புபவர் அதே பெயரைத் தான் பூட்ட முயல்வார். முடியவில்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது; முடிந்துவிட்டால் அறை காலி, புதிய நிரலை ஓடவிடலாம். தோல்வியே நற்செய்தியாகும் இப்படிப்பட்ட சோதனையைக் கண்டுபிடித்தவர்களை நினைத்து எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு: வராத அச்சுப்பொறிக்காகவோ பிறர் வைத்திருக்கும் பூட்டுக்காகவோ முடிவின்றிக் காத்திருக்கும் நிரலும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பூட்டு உயிரைக் காட்டும். நேரக்குறிப்பே நகர்வைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பவர் இதே வழியில்தான் போகிறார். நேரக்குறிப்பு பழையதென்றால் மேலாளரைத் தொடங்க வேண்டும். சேவையகத்தின் பெயரை யாரோ மாற்றிவிட்டதால், அமைப்புக் கோப்பில் தன் பெயரைக் காணாமல் டாஸ்க்மேன் தொடங்க மறுப்பதும் உண்டு. நேரக்குறிப்பு புதிது, பணிகள் மட்டும் குவிகின்றன என்றால், ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலைகளின் உச்சவரம்பை எட்டியிருக்கலாம். பணிகள் ஓடுகின்றன, செய்தி மட்டும் போகவில்லை என்றால் மெயில்மேனின் தாழ்ப்பாளைத் தட்டிப் பார்க்க வேண்டும். இவற்றில் எதையும் பார்க்காமல் சேவையகத்தை அணைத்துப் போடுவது, திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பதற்குச் சற்றும் மேலானதல்ல. சில நேரம் பலிக்கும், ஏன் பலித்தது என்று எவருக்கும் தெரியாது, தடயமும் அழிந்துபோகும்.

எல்லாத் தாழ்ப்பாளும் சரியாக இருந்தும் கோரிக்கை தொலைவது உண்டு. விஸ்டாவுக்கு மாற்றாகச் செர்னர் நிறுவனத்தின் மென்பொருளை அதே துறை 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகர மருத்துவமனையில் முதலில் நிறுவியது. சேரிடத்தைப் புதிய மென்பொருளால் அடையாளம் காண இயலாத கோரிக்கைகள், ‘அறியப்படாத வரிசை’ ஒன்றுக்குள் போய் விழுந்தன. அனுப்பிய மருத்துவருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 2021 ஜூன் வரை 11,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் அவ்வாறு போனதையும், நோயாளிகள் 149 பேர் அதனால் பாதிக்கப்பட்டதையும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்டது. அங்கே எந்த நிரலும் சாகவில்லை. யாரும் பார்க்காத ஒரு கூடைக்குக் கோரிக்கைகள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

ஆகவே வாசகிக்குச் சொல்வது இது: அடுத்த முறை கோரிக்கையின் எண்ணையும் அனுப்பிய நேரத்தையும் குறித்துக்கொண்டு கணினிப் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்த எண் இப்போது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சேரிடம் புரியாதவற்றைப் போட்டுவைக்க உங்கள் மென்பொருளில் ஒரு கூடை இருக்கிறதா, அதைத் தினமும் திறந்து பார்ப்பவர் யார் என்று அடுத்து கேளுங்கள்.