படுக்கையில் இருக்கும் துணைக்கு மாதம் 2,000 ரூபாய்: எங்கெல்லாம் திருப்பி அனுப்புவார்கள்?

சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன ஒரு கொத்தனாரின் மனைவியை எனக்குத் தெரியும். கணவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் புண் வந்துவிடும். அந்த அம்மா ஒரு நாள் உதவித்தொகை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார். "அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார்" என்று உட்கார வைத்தார்கள். மாலை நான்கு மணிக்கு, "இதில் விஏஓ கையெழுத்து இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டியால் தண்ணீர் கொடுக்க முடிந்தது, புரட்ட முடியவில்லை. அன்று தொடங்கிய படுக்கைப்புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. கையெழுத்து வேண்டும் என்பதைக் காலையிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு நடையும் இப்படித்தான் விலை வைக்கிறது. அந்த நடைகளைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு. தமிழ்நாட்டு விதிகளை வைத்துச் சொல்கிறேன். கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும், மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவருக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான்.

இரண்டு துறை, இரண்டு தொகை

முதல் குழப்பமே இங்கேதான். வருவாய்த்துறை, அதாவது தாலுகா அலுவலகம், மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் தருகிறது. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. அது மாதம் 2,000 ரூபாய். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தாலுகா அலுவலகத்துக்குப் போகிறவர்களிடம் இரண்டாவது ஒன்று இருக்கிறது என்றே யாரும் சொல்வதில்லை. 2,000 ரூபாய்க்குத் தகுதி இருந்தும் பல வருடமாகக் குறைந்த தொகையையே வாங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது உங்கள் கணக்கில் விழுவது எது என்று பாஸ்புக்கைப் பாருங்கள். 1,500 என்றால், இந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

மாறுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. பழைய ஓய்வூதியத்தை அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். நலத்துறை விண்ணப்பத்துக்கு, வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்ற சான்றைக் கேட்பார்கள். அதற்காகப் பழையதை ரத்து செய்துவிட்டு, புதியது வராமல் மாதக்கணக்கில் வெறுங்கையோடு நிற்பவர்கள் உண்டு. புதிய விண்ணப்பத்தின் நிலை என்ன, பணம் எந்த மாதத்திலிருந்து வரும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். ரத்து அதற்கு அப்புறம்தான்.

சதவீதம் என்ற வாசல்

கடுமையான பாதிப்பு என்ற தலைப்பில் பராமரிப்பு உதவித்தொகை வாங்க, மருத்துவர் தரும் மாற்றுத்திறனாளி சான்றில் பாதிப்பின் அளவு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 சதவீதம் போதும். தண்டுவடக் காயம், பார்க்கின்சன் போன்றவை தனித் தலைப்பில் வருகின்றன. அதனால் அலுவலகத்தில் "எழுபத்தைந்து இல்லையே" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தத் தலைப்பில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

பெரும்பாலானவர்கள் தோற்பது அலுவலகத்தில் அல்ல, அதற்கு முன்பே மருத்துவரின் மேசையில். காரணம், நம் வாய்தான். கணவரைப் பற்றிக் குறைவாகப் பேசக் கூடாது என்று மனைவிகளுக்கு ஊறிப்போயிருக்கிறது. "நடப்பாராம்மா?" என்று டாக்டர் கேட்டால், "ம், பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நடப்பார்" என்று பெருமையோடு சொல்வார்கள். பிடித்துக்கொள்வது யார்? நீங்கள். நீங்கள் பிடிக்காவிட்டால் அவர் நடப்பதில்லை. அதைச் சொல்லுங்கள். தானாகச் சாப்பிடுகிறாரா, தானாகக் கழிப்பறைக்குப் போகிறாரா, கட்டிலில் தானாகத் திரும்புகிறாரா, இரவில் எத்தனை முறை உங்களை எழுப்புகிறார்? போவதற்கு முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய நல்ல நாளைச் சொல்லாதீர்கள், வழக்கமான நாளைச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்துச் சொல்லாமல் இருந்தாலே போதும். அவர் முன்னால் இதையெல்லாம் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை மட்டும் நீட்டுங்கள்.

பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு என்றால் பொதுவாக நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் சதவீதத்தை அளப்பார்கள். இரண்டாவது மாதத்திலேயே ஆட்டோ பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாந்து திரும்பாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் சேர்த்து வையுங்கள். சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நிரந்தரம் என்று போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி போட்டிருக்கிறதா? தேதி இருந்தால் அது முடிவதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் நின்றுபோகும். இரண்டு, பெயர். சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. இந்த ஒரு எழுத்துக்காக ஆறு மாதம் அலைந்த குடும்பங்களை எண்ணிச் சொல்ல முடியாது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரையும் பாஸ்புக்கையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

சதவீதம் அநியாயமாகக் குறைவு என்று நினைத்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 59-வது பிரிவு மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. "டாக்டர் போட்டது போட்டதுதான்" என்று கவுண்டரில் சொல்வது சட்டம் அல்ல.

அசையவே முடியாதவரைச் சதவீதம் அளக்கும் மருத்துவ முகாமுக்குத் தூக்கி வரச் சொன்னால், அவரைக் கொண்டுவர முடியாத நிலையை விளக்கி, வீட்டுக்கு வந்து பரிசோதிக்கக் கேட்டு ஆட்சியருக்கு மனு கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் உறவினர் யார் வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். மனுவுக்கு எண் விழும்.

வங்கியில் சொல்லப்படும் பொய்

பணம் வர ஆரம்பித்த பிறகு இன்னொரு கதவு. கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. அவரால் கையெழுத்துப் போட முடியாது. "அவர் நேரில் வர வேண்டும்" என்பார்கள் வங்கியில். கை நடுங்கும் மனிதரைச் சக்கர நாற்காலியில் வைத்து, சாய்தளம் இல்லாத படிகளில் நான்கு பேர் தூக்கி ஏற்றியதைப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். அது தேவையே இல்லை.

ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது. நோயாலோ முதுமையாலோ இயலாமல்போன வாடிக்கையாளரின் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாவிட்டால் ஏதாவது ஓர் அடையாளக் குறி போதும், அதே சாட்சிகளோடு. அவர் சார்பில் பணத்தை எடுப்பவர் யார் என்று குறிப்பிட்டு, அந்த ஆளிடம் கொடுக்கவும் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது. கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்த இரண்டையும் குறிப்பிட்டு, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் கேட்ட உடனேயே பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு என்ன?

2016 சட்டத்திலேயே பராமரிப்பாளர் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும் அதில் அடக்கம். உயர் ஆதரவு, அதாவது அன்றாட வேலைகளுக்கே இன்னொருவரின் தீவிர உதவி, தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்பதை 24-வது பிரிவும், உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கும் முறையை 38-வது பிரிவும் சொல்கின்றன. அவருக்காக வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இந்த வகையில் உதவியாளர் தொகையாக மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. 2,000 ரூபாய் வாங்குவதால் இது தானாக வந்துவிடாது. உயர் ஆதரவு தேவை என்ற மதிப்பீடு தனியாக வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை. மாவட்ட நல அலுவலரிடம் "உயர் ஆதரவு மதிப்பீடு" என்ற இதே வார்த்தைகளில் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் மகளிர் உரிமைத்தொகை. "உன் வீட்டுக்காரர் பென்ஷன் வாங்குகிறார், உனக்குக் கிடையாது" என்று எத்தனை பெண்களை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்! 2023-இல் திட்டம் வந்தபோதே, நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அந்த ஆகஸ்டில் விதியை இன்னும் தளர்த்தி, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்குபவர் இருக்கும் குடும்பத்தில், ஓய்வூதியம் வாங்காத தகுதியுள்ள பெண்ணும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வருமானம், நிலம், மின்சாரம் பற்றிய மற்ற நிபந்தனைகள் எல்லோருக்கும் போலவே பொருந்தும். கணவரின் உதவித்தொகையைக் காரணம் காட்டி நிராகரித்திருந்தால், குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

"நிதி வரவில்லை"

எல்லாத் தாளும் சரியாக இருந்தும் பணம் வராத காலம் ஒன்று உண்டு. காத்திருப்போர் பட்டியல் என்பார்கள், நிதி ஒதுக்கீடு வரவில்லை என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், உங்கள் கோப்பு பீரோவுக்கு அடியில் கிடக்கவும் கிடக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்ட நல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்விகள் அனுப்புங்கள். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது? இப்போது யாரிடம் இருக்கிறது? பட்டியலில் என் வரிசை எண் என்ன? கடைசியாகப் பணம் அனுமதிக்கப்பட்டவர் எந்தத் தேதியில் விண்ணப்பித்தவர்? நான்காவதுதான் முக்கியம். உங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவருக்குக் கிடைத்திருந்தால், வரிசையைத் தாண்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பதில் 30 நாளில் வர வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒரு நடையும் மிச்சம்.

இதற்கெல்லாம் முதல் தேவை விண்ணப்பம் கொடுத்ததற்கான அத்தாட்சி. இ-சேவை மையத்தில் போட்டால் ஒப்புகைச் சீட்டு, நேரில் கொடுத்தால் நகலில் சீல். அது இல்லாமல் எதையும் யாரிடமும் விட்டுவராதீர்கள். "நான் பார்த்து முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் இடைத்தரகரிடம் அசல் யுடிஐடி அட்டையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

வந்துகொண்டிருக்கும் பணமும் சொல்லாமல் நிற்கும். ஒவ்வொரு வருடமும் வாழ்நாள் சான்று கேட்பார்கள். அறிவிப்பு செய்தித்தாளில் சின்னதாக வரும். இரவு முழுக்கக் கண் விழிப்பவருக்குச் செய்தித்தாள் படிக்க எங்கே நேரம்? போன வருடம் எந்த மாதம் கொடுத்தீர்கள் என்று காலண்டரில் எழுதி வைத்து, அதற்கு ஒரு மாதம் முன்பே அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள்.

கடைசியாக, நடையே இல்லாமல் கிடைக்கும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை மட்டும் அல்ல, வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடமே சொல்லலாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதியலாம். செவிலியர் வந்தால் புண்ணைக் காட்டுங்கள், புரட்டும் முறையை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். வருடக்கணக்காகத் தூக்கித் தூக்கி உங்கள் இடுப்பு போயிருக்கும். அதையும் அவர்களிடமே சொல்லுங்கள்.